இளஞ்சிவப்பு அக்டோபரும் தாளடி நடவும்

அக்டோபர் பிறந்ததும் கும்பகோணம் கடைத்தெருவில் இரண்டு விதமான ஃபிளெக்ஸ் பேனர்கள் தென்படும். ஒன்று தீபாவளித் தள்ளுபடிக்கானது. மற்றொன்றில் இளஞ்சிவப்பு ரிப்பன் ஒன்று முறுக்கிக்கொண்டு நிற்கும். அதன் கீழே 'மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு நடைப்பயணம்', அதற்கும் கீழே உபயதாரர்களின் சின்னங்கள் வரிசையாக. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைத் தொப்பியும் டி-ஷர்ட்டும் போட்ட மாணவிகள் மகாமகக் குளத்தைச் சுற்றி வருவார்கள். பொங்கல், வடை, காபி, பத்திரிகைக்குப் படம். ஒன்பது மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. நடந்த பெண்களுக்கு அது நல்ல காலைப்பொழுது. ஆனால் கணக்குக் கேட்க நிறைய இருக்கிறது. இந்தப் பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது? நடந்தால் இந்த நோய் வராமல் இருக்குமா? குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருக்கும் திருவிடைமருதூர்ப் பக்கத்து நடவுக்காரப் பெண்ணுக்கு இதில் என்ன கிடைக்கிறது?

நோயின் அளவை முதலில் பார்த்துவிடலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கணித்தபடி, 2022-இல் இந்தியாவில் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள் 1,92,020 பேர். அதே ஆண்டில் இந்நோயால் இறந்தவர்கள் 98,337 பேர். நோய் கண்டபின் ஐந்தாண்டு உயிரோடிருப்பவர்கள் அமெரிக்காவில் நூற்றுக்குத் தொண்ணூறு, இந்தியாவில் அறுபத்தாறு. இத்தனைக்கும் தமோக்சிஃபென் போன்ற அடிப்படை மாத்திரைகள் நம் ஊரில் மிகக் குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. நம் பெண்கள் தாமதமாக வருகிறார்கள், வந்தவர்களில் பலர் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள். இடைவெளியின் பெரும்பங்கு இந்த இரண்டில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் புற்றுநோய்க்காகக் கையேந்திய வரலாறு பெரியது. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் ஊர் ஊராக நிதி திரட்டி, 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் இன்றைய புற்றுநோய் மருத்துவமனை. அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் இறக்கும்வரை அதை விட்டுப் போகவில்லை. கொடுத்தவர்களில் முதலாளிகளும் இருந்தார்கள், சம்பளக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் அது கட்டில், கருவி, மருந்து, மருத்துவர் என்று ஒன்று திரண்டு, நோயாளியின் பக்கம் போய்ச் சேர்ந்த பணம்.

இளஞ்சிவப்பு ரிப்பனின் பிறப்பு வேறு மாதிரி. அமெரிக்காவில் சூசன் கோமன் என்ற பெண்ணின் பெயரிலான அறக்கட்டளை 1982-இல் தொடங்கியது. மறு ஆண்டே டல்லஸில் தன் முதல் ஓட்டத்தை நடத்தியது. அக்டோபரை விழிப்புணர்வு மாதமாக்கியது 1985-இல். அதைத் தொடங்கி வைத்தவர்களில் ஒரு தரப்பு இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனியின் மருந்துப் பிரிவு. தமோக்சிஃபெனைத் தயாரித்ததும் அதே பிரிவுதான். அப்புறம் சார்லட் ஹேலி என்ற பெண் தன் வீட்டிலேயே பீச் நிற ரிப்பன்களைத் தைத்து, அரசின் புற்றுநோய் ஆய்வுப் பணத்தில் நூற்றுக்கு ஐந்துதான் தடுப்புக்குப் போகிறது என்று அட்டையில் எழுதி அவற்றோடு சேர்த்து விநியோகித்தார். 1992-இல் ஒரு பெண்கள் பத்திரிகையும் எஸ்டே லாடர் அழகுசாதனக் கம்பெனியும் அந்த ரிப்பனைக் கேட்டன. இது வியாபாரம் என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். வக்கீல்களைக் கேட்டுக்கொண்டு நிறத்தை இளஞ்சிவப்பாக மாற்றி அவர்கள் வெளியிட்டார்கள். நிறம் மாறியதோடு அட்டையில் இருந்த வாசகமும் காணாமல் போனது. எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது நிறத்தைவிட அந்த வாசகம் போனதுதான்.

2010-இல் வறுத்த கோழி விற்கும் கே.எஃப்.சி. ஒரு இளஞ்சிவப்பு வாளிக்கு ஐம்பது சென்ட் கோமனுக்குத் தந்தது. உடல் எடை கூடினால் மாதவிடாய் நின்றபின் மார்பகப் புற்று வரும் வாய்ப்புக் கூடும் என்பதைத் தெரிந்தே செய்த ஏற்பாடு. சான்பிரான்சிஸ்கோவின் 'பிரெஸ்ட் கேன்சர் ஆக்‌ஷன்' அமைப்பு 2002 முதலே 'இளஞ்சிவப்பை வாங்குமுன் யோசி' என்று இயக்கம் நடத்திவருகிறது. அவர்கள் கேட்பவை சாதாரணக் கேள்விகள்: இந்தப் பொருளை வாங்கினால் எவ்வளவு பணம் போகிறது, யாருக்குப் போகிறது, எதற்குச் செலவாகிறது? நம் ஊர் முகாம்களிடம் இவற்றைக் கேட்டால் விசாரணைக்கு வந்தவரைப் போல் பார்ப்பார்கள்.

எல்லாக் கம்பெனி நடையும் வீண் என்று சொல்லிவிட முடியாதபடி ஒரு தமிழ் உதாரணம் இருக்கிறது. 2011 ஜூலையில் நேத்தன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவவும் இலங்கையின் தென்கோடித் தேவேந்திரமுனையிலிருந்து வடகோடிப் பருத்தித்துறை வரை 670 கிலோமீட்டரை 27 நாளில் நடந்தார்கள். வழியெல்லாம் மக்கள் சேர்ந்து நடந்தார்கள். சிவகணநாதன் அப்போது எம்.ஏ.எஸ். என்ற பெரிய ஆடைத் தயாரிப்புக் குழுமத்தில் நிர்வாகி. மேலைநாட்டுக் கம்பெனிகளுக்குப் பெண்களின் உள்ளாடை தைத்து அனுப்பும் குழுமம் அது! திரண்ட பணம் யாழ்ப்பாணம் தெல்லிப்பளையில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்து 2013-இல் திறக்கப்பட்டது. அதற்குமுன் வடக்கின் நோயாளிகள் கொழும்புக்கு அருகே மகரகமவுக்குப் போக வேண்டியிருந்தது. இந்த நடைக்குப் போய்ச் சேர ஒரு முகவரி இருந்தது. பணம் எதற்கு என்று முதல் அடி வைக்குமுன்பே எல்லோருக்கும் தெரியும். இந்தியாவில் மிலிந்த் சோமன் 2012-இல் மும்பையில் தொடங்கிய பிங்கத்தான், பெண்களை வீட்டைவிட்டு வெளியே ஓடவைத்தது. அதுவே அதன் சாதனை. அதையும் தெல்லிப்பளையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இனி நம் சட்டம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, கடந்த மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். என்று இன்று பஞ்சாயத்துத் தலைவர்கள்கூடச் சொல்லும் பணம் இதுதான். நோய்த்தடுப்பு மருத்துவம் இதில் சேரும். பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. 2014 ஜூன் 18-ஆம் தேதிச் சுற்றறிக்கையில் கம்பெனி விவகார அமைச்சகம், மாரத்தான், விருது விழா, விளம்பரம் போன்ற ஒருநாள் கூத்துகள் இந்தக் கணக்கில் வராது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 2021-இல் திருத்திய விதிகள், தன் சரக்குக்கு விளம்பரம் தேடித் தரும் உபயத்தையும் தள்ளிவைத்தன. ஆகவே குளத்தைச் சுற்றிய நடைக்கு ஒரு பெரிய கம்பெனி கொடுத்த பணம் அதன் விளம்பரக் கணக்கிலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும். அது குற்றமல்ல. தர்மம் என்று மட்டும் பெயர் வைக்க வேண்டாம்.

தான் இயங்கும் இடத்துக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சென்னைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இது வரம். நெல்லும் வெற்றிலையும் பித்தளைப் பாத்திரமும் பட்டும் விளையும் ஊருக்கு என்ன செய்வது? கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய கம்பெனி என்றால் 1904-இல் கும்பகோணம் பேங்க் என்ற பெயரில் பிறந்த சிட்டி யூனியன் வங்கிதான் முதலில் நினைவுக்கு வரும். மற்றபடி இங்குள்ள அரிசி ஆலை, நகைக்கடை, ஜவுளிக்கடை, பாத்திரப் பட்டறைகளில் பெரும்பாலானவை சட்டத்தின் வரம்புக்குள் வராது. அவர்கள் கொடுப்பது மனதாரக் கொடுப்பது, அல்லது கடையின் பெயர் தெரியக் கொடுப்பது. வெளியூர்க் கம்பெனியின் பணத்தை இங்கே இழுக்கவும் வழி குறுகல். பணத்தை வாங்கிச் செலவிடும் அமைப்பு பதிவு, வரிவிலக்குச் சான்று, மூன்றாண்டு அனுபவம் எல்லாம் காட்ட வேண்டும். திருநாகேஸ்வரத்தில் நாலு பேர் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போய்வரும் குழுவிடம் நல்ல மனசு இருக்கும், தணிக்கை அறிக்கை இருக்காது.

நடையின் பலனுக்கு வருவோம். அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகள் பன்னிரண்டைச் சேர்த்து, 14.4 லட்சம் பேரின் தரவை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2016-இல் வந்தது. ஓய்வு நேரத்தில் அதிகம் உடலை இயக்கியவர்களுக்குப் பதின்மூன்று வகைப் புற்றுநோய்கள் குறைவாக இருந்தன. மார்பகப் புற்றில் குறைவு சுமார் 10 சதவீதம். காரணமும் ஓரளவு தெரிந்ததுதான். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் வேலையைக் கொழுப்புத் திசு எடுத்துக்கொள்கிறது. அசைவு குறைந்து கொழுப்பு கூடினால் ஈஸ்ட்ரோஜனும் இன்சுலினும் கூடும். இரண்டும் மார்பக உயிரணுக்களைப் பெருகத் தூண்டுபவை.

பத்து சதவீதம் என்றால் என்ன? தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2020 அறிக்கைப்படி, இந்தியப் பெண்களில் 29 பேரில் ஒருவருக்கு 74 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு உண்டு. ஆயிரம் பேருக்குச் சுமார் 34. எல்லோரும் நன்றாக உடலை இயக்கினால் அது 31 ஆகலாம். மூன்று குடும்பங்களுக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் மேடையில் மைக்கைப் பிடிப்பவர் 'தினமும் நடந்தால் புற்றுநோயே வராது' என்று சொல்லும்போது, கூட்டத்தில் தலையில் துணி கட்டி உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது எப்படிக் கேட்கும்? நாற்பது வருடம் வயல் வரப்பில் நடந்தவளுக்கும் இந்த நோய் வந்திருக்கிறது. தாய்ப்பால் கொடுப்பதும் இப்படித்தான்: பன்னிரண்டு மாதம் கொடுத்தால் ஆபத்து 4.3 சதவீதம் குறையும் என்பது முப்பது நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வந்த முடிவு. ஐந்து பெற்று எல்லோருக்கும் பால் கொடுத்த பாட்டிகளுக்கும் கட்டி வருவதுண்டு.

காவிரி டெல்டாவில் உடல் உழைப்பு எங்கே போனது என்று யோசித்தால் படம் இன்னும் சிக்கலாகும். குனிந்து நாற்று ஊன்றுவது, களை பறிப்பது, கதிர் அறுப்பது, கட்டுத் தூக்குவது எல்லாம் பெண்கள் செய்தவை. அறுவடை இயந்திரம் வந்தபின் அரிவாள் வேலை பெரும்பகுதி போய்விட்டது. நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் நாற்று நடும் நாட்களைத் தின்கின்றன. வீட்டுக்குள்ளே, 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டம் ஆட்டுக்கல்லையும் அம்மியையும் கொல்லைப்புறத்துக்கு அனுப்பியது. மிகச் சரியான திட்டம் அது. ஆட்டுக்கல்லைத் திரும்பக் கொண்டுவா என்று எழுதும் ஆண்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும், அவர்கள் ஒருநாளும் மாவு ஆட்டியதில்லை. ஆனால் சென்னை, திருவனந்தபுரம் பெண்களை வைத்து 2009-இல் வெளிவந்த ஆய்வில், வீட்டு வேலையில் அதிக நேரம் உடலை அசைத்தவர்களுக்கு மார்பகப் புற்று குறைவாகக் காணப்பட்டதையும் மறைப்பதற்கில்லை. மிச்சமான நேரம் பெண்ணுக்கு ஓய்வாகவோ நடையாகவோ வரவில்லை. தறிக்குத் தார் சுற்றும் ராட்டைமுன், கல்லாப்பெட்டிமுன், தொலைக்காட்சிமுன் உட்கார்ந்த நேரமாகப் போனது. 2024-இல் லான்செட் குழும இதழில் வந்த கணக்கின்படி இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை. ஆண்களில் 42 சதவீதம்.

வாரம் 150 நிமிடம் வேகமாக நடந்தால் போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எங்கே நடப்பது? மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையை அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தொடங்கியது. நல்ல யோசனைதான், மாவட்டத்துக்கு ஒரு பாதை என்பது எத்தனை பேருக்குக் காணும் என்பது வேறு விஷயம். மகாமகக் குளக்கரையில் விடிகாலையில் நடப்பவர்களில் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் காலைச் சமையலை வேறு யாராவது கவனிக்கும் வீட்டுப் பெண்களே அதிகம் என்று நினைக்கிறேன். சாயங்காலம் விளக்கு எரியும் தெரு, நாய் துரத்தாத பாதை, சுத்தமான கழிப்பறை இந்த மூன்றுக்கும் ஒரு கடை பணம் கொடுத்தால், பேனரே கட்டாமல் வருடம் முழுக்க நடைப்பயணம் நடக்கும்.

உடற்பயிற்சிக்குப் பெரிய இடம் நோய் வந்தபின் இருக்கிறது, அதைத்தான் யாரும் பேசுவதில்லை. அறுவையில் அக்குளின் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்குக் கை வீங்கலாம். அந்தக் கையால் குடம் தூக்காதே, துணி பிழியாதே, பிள்ளையைத் தூக்காதே என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்வார்கள். அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழு, ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களை வைத்து ஓராண்டு நடத்திய ஆய்வு 2009-இல் வந்தது. கண்காணிப்போடு சிறிது சிறிதாக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, திடீரென்று மோசமாவதும் குறைந்தது. கனடாவின் வான்கூவரில் 1996-இல் நோயிலிருந்து மீண்ட 24 பெண்கள் படகோட்டக் கிளம்பியதும் இதே பயத்தை உடைக்கத்தான். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் கை என்பது சம்பளம். ஒரு பிசியோதெரபிஸ்ட் வாரம் ஒருநாள் கும்பகோணம் அரசு மருத்துவமனையில் உட்கார ஆகும் செலவு, ஒரு நடைப்பயணத்தின் டி-ஷர்ட் செலவைவிட அதிகமாக இருக்காது.

கட்டியைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதில் பேனர்கள் பிடிவாதமாக மேமோகிராமைக் காட்டுகின்றன. அந்த எக்ஸ்ரே, ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு நன்றாக உதவும். நம் நோயாளிகளில் பலர் அதற்கும் இளையவர்கள், இளவயது மார்பகம் அடர்த்தியானது, படத்தில் கட்டி மறைந்துபோகும். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி இருபது ஆண்டு நடத்திய சோதனை நமக்குப் பொருத்தமானது. அம்மாநகரின் குடிசைப் பகுதிகளில் 1,51,538 பெண்கள். அவர்களில் பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையாலேயே பரிசோதித்தார்கள். நடுமூன்று விரல்களின் பட்டையான பகுதியால், வட்டமாக, மேலாகவும் ஆழமாகவும் அழுத்தி, அக்குள் வரை. 2021-இல் முடிவு வெளிவந்தது: நோய் முந்திய நிலையில் பிடிபட்டது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதற்கு இயந்திரம் தேவையில்லை, ஒரு பெண்ணின் பழகிய கையும் கதவுள்ள ஒரு அறையும் போதும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் ஆயிரத்துக்கு ஒன்பது பேர். தமிழ்நாடு இதில் முன்னால் நிற்கிறது என்றாலும் நூற்றுக்குப் பத்தை எட்டவில்லை. அரசு 2023-இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய வீடுதேடி அழைக்கும் பரிசோதனை இதை மாற்றக்கூடும்.

கட்டி கண்டபின் தொடங்குவதுதான் நிஜமான நடை. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் 40 கிலோமீட்டர், சென்னை ஏறத்தாழ 300. பயாப்சி ஒருநாள், அதன் முடிவு வாங்க ஒருநாள், ஸ்கேனுக்கு ஒருநாள். கீமோ மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறோ எட்டோ தடவை. அப்புறம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சு. பழைய முறையில் வாரம் ஐந்து நாளாக ஐந்து வாரம், அதாவது 25 நாள். பிரிட்டன் ஆய்வுகள் அதை மூன்று வாரமாக்கின. 4,096 பேரை வைத்து 2020-இல் முடிவு வந்த சோதனை, பொருத்தமான நோயாளிகளுக்கு ஒரே வாரம் போதும் என்று காட்டியது. ஒவ்வொரு நாளும் ஒரு கூலி, துணைக்கு வருபவரின் கூலி இன்னொன்று. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அறுவைக்கும் மருந்துக்கும் பணம் தருகிறது. சென்னையில் தங்கும் அறைக்கும், வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளின் சோற்றுக்கும் யார் தருவது? பாதியில் நிற்பவர்கள் நிற்கும் இடம் இது. மருத்துவமனைக்கு முதலில் போனதிலிருந்து அறுபது நாளுக்குள் என்ன நோய் என்று உறுதியாக வேண்டும், தொடங்கியவர்களில் எண்பது சதவீதம் பேர் சிகிச்சையை முடிக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. இந்த இரண்டு எண்ணையும் கேட்டு, அதற்குப் பணம் தரும் ஒரு உபயதாரரையும் இதுவரை எந்தப் பேனரிலும் நான் பார்க்கவில்லை. கதிர்வீச்சு நாட்களுக்குத் தங்குமிடமும், தவறவிட்ட தேதிக்கு மறுநாளே போன் செய்யும் ஒரு பெண் ஊழியரும் ஏற்பாடு செய்தால் அது சட்டத்துக்கும் சரியான சி.எஸ்.ஆர்.

கடைசியாகத் தேதி. அக்டோபர் என்பது அமெரிக்கா குறித்துக் கொடுத்த மாதம். இங்கே அது புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் மாதம், இரண்டாம் போகமான தாளடி நடவு நடக்கும் மாதம், வடகிழக்கு மழை இறங்கும் மாதம். நடவு ஆட்களுக்கு வருடத்தில் உறுதியாகக் கூலி கிடைக்கும் சில வாரங்களில் ஒன்று. தீபாவளிக்குத் துணி எடுக்கவேண்டிய பணமும் அதில்தான். அன்றைய கூலியை விட்டுவிட்டு எவள் முகாமுக்கு வருவாள்? வந்தாலும், கட்டி என்று சொன்னால் பண்டிகை முடியட்டும், நடவு முடியட்டும் என்று தள்ளிப்போடுவாள். சம்பா அறுவடை தை, மாசியில் ஓய்ந்துவிடும். பங்குனியில் பம்புசெட் வைத்திருப்பவர்கள் பருத்தியோ உளுந்தோ போட்டிருந்தாலும் நடவுக் காலம்போல் ஆள் தேட்டம் இருக்காது. அடுத்த சாகுபடிக்கு மேட்டூர் அணை திறப்பது வழக்கமாக ஜூன் 12. ஆக, முகாமைப் பங்குனியில் வைத்தால் நடுவில் இரண்டு மாதத்துக்கு மேல் சிகிச்சைக்கே இடம் கிடைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கம்பெனிகளின் கணக்காண்டு முடிவதும் மார்ச் 31. செலவழிக்காத சி.எஸ்.ஆர். தொகையை வைத்துக்கொண்டு, எங்கே கொடுப்பது என்று அவர்கள் தவிக்கும் பங்குனியும் இதுவேதான்.